கருத்துகளின் கொடிவழி கண்ட பண்டிதர் அயோத்திதாசர்

நமது பக்கத்து ஊர்களில் புதிதாக வந்த ஒருவரிடம் முதலில் பெயரைக் கேட்பார்கள். அடுத்து ஊரைக் கேட்பார்கள். மூன்றாவதாகத் தெருவைக் கேட்பார்கள். தெருவின் பெயர் தெரிந்தால் பிறப்புத் தெரியும். பிறப்புத் தெரிந்தால் அவருக்குத் திண்ணையில் இடமா, முற்றத்தில் இடமா, வாசலுக்கு வெளியே இடமா என்பது முடிவாகிவிடும். இவ்வாறு ஒருவருடைய கொடிவழியை ஆராய்ந்து அவருடைய மதிப்பை அளக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த வழக்கத்தையே எடுத்து, மறுபுறமாகத் திருப்பிப் பிடித்த பெரியார் ஒருவர் நமது தமிழகத்தில் வாழ்ந்தார். உன் குலம் என்ன என்று உலகம் அவரைக் கேட்டது. குலம் என்னும் எண்ணத்தின் குலம் என்ன, அதைப் பெற்றவர் யார், அது எந்த ஆண்டில் யாருடைய வீட்டில் பிறந்தது என்று அவர் உலகத்தைத் திருப்பிக் கேட்டார். அப்பெரியாரே பண்டிதர் அயோத்திதாசர் ஆவார்.

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இவ்வேளையில், இம்மலரைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் பண்டிதருடைய வாழ்வையும், அதனினும் மேலாக அவர் ஆராய்ந்த முறையையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நமது விருப்பம். வாழ்வைப் போற்றுதல் எளிது. முறையைக் கற்றல் சற்றுக் கடினம். ஆயினும் பயன் மிகுதியாக உடையது அதுவே.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவர்தம் குடும்பம் தமிழ்க் கல்வியும் சித்த மருத்துவமும் வழிவழியாகக் கைவரப் பெற்ற குடும்பம். பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் முதலிய ஏட்டுச் சுவடிகளைப் பாட்டனார் ஆரிங்டன் வழியாகத் தமிழறிஞர் எல்லிசு துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் எழுதி வைத்துள்ளார். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812ஆம் ஆண்டில் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும். எழுத்தறிவே அற்றவர்கள் என்று பிறரால் ஏசப்பட்ட ஒரு சமூகத்தின் வீட்டுப் பரணில் திருக்குறள் ஏடு இருந்தது என்னும் செய்தி, சிறுவனாயிருந்த காத்தவராயனின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி அனைத்திற்கும் அதுவே வித்து எனலாம்.

அவருக்குக் கல்வி கற்பித்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாச கவிராஜ பண்டிதர். ஆசிரியரிடத்துக் கொண்ட பேரன்பினால் மாணவர் தம் பெயரை மாற்றிக்கொண்டு ஆசிரியரின் பெயரையே சூடிக்கொண்டார். தமிழ் இலக்கண இலக்கியங்களோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவர் பயிற்சி பெற்றார். பிழைப்புக்குச் சித்த மருத்துவம் கைகொடுத்தது. நோயின் தோற்றுவாயை நாடி அறிந்து மருந்து கொடுக்கும் அத்தொழிலின் போக்கு, சமுதாய நோயை ஆராய்ந்தபோதும் அவரைவிட்டு நீங்கவில்லை.

நீலகிரியில் தொடங்கிய பணி

பண்டிதரின் இளமைக்காலம் நீலகிரியில் கழிந்தது. அங்கே 1870களில் அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நிறுவினார். எல்லா உயிரிலும் உறைவது ஒன்றே என்று கூறும் கொள்கை உண்மையானால், உயிர்களுக்குள் தீட்டு எங்கிருந்து வந்தது என்னும் வினா அக்காலத்திலேயே அவருள் எழுந்திருத்தல் வேண்டும். ஏனெனில், அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் சபையளவில் நிற்காமல் மக்களின் அன்றாடத் துயரங்களை நோக்கித் திரும்பினார். 1885ஆம் ஆண்டில் அருட்திரு. ஜான் இரத்தினம் அவர்களுடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார்.

1891ஆம் ஆண்டில் திராவிட மகாஜன சபை தோன்றியது. அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் உதகையில் நடைபெற்ற மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. பிள்ளைகளுக்குப் பள்ளிகள், தேர்ச்சி பெற்றோர்க்கு உதவித்தொகையும் அரசுப் பணியும், பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கும் உரிமை, சிறைச்சாலை விதிகளில் இருந்த சாதி வேறுபாட்டை நீக்குதல் முதலியன அவற்றுள் அடங்கும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்டவை இவை. இவற்றுள் எவையெவை நமது ஊர்களில் இன்று முழுமையாக நிறைவேறியுள்ளன என்பதை ஒவ்வோர் இளைஞரும் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நகர மண்டபத்தில் கிடைத்த விடை

1892ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் பண்டிதர் கலந்துகொண்டார். நாட்டு மக்கள் அனைவருக்காகவும் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட பெரியோர் பலர் கூடிய அவை அது. அங்கே அவர் எழுந்து, சிவன் கோயில்களிலும் பெருமாள் கோயில்களிலும் நம் மக்களும் சென்று வழிபட இடம் வேண்டும் என்று கேட்டார். அவையில் எதிர்ப்பு எழுந்தது. உங்களுக்கென்று சிறு தெய்வங்கள் இருக்கின்றன, அவை போதாவா என்னும் பொருள்படத் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ஒருவர் விடையளித்தார் என்று பண்டிதர் பின்னர் எழுதியுள்ளார். அப்படியானால் அந்தச் சாமிகளும் எங்களுக்கு வேண்டா என்று கூறிய பண்டிதர், கல்விக்குப் பள்ளியும் உழைப்புக்குத் தரிசு நிலமுமாவது தருமாறு கேட்டார்.

இந்நிகழ்ச்சியை வெறும் அவமதிப்பாகக் கருதி அவர் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கவில்லை. அதனை ஆராய்ச்சிக்குரிய செய்தியாக எடுத்துக்கொண்டார். இன்ன தெய்வம் இன்னாருக்கு என்று பங்கு பிரித்தவர் யார்? பங்கு பிரிப்பதற்கு முன்னர் நிலைமை எவ்வாறு இருந்தது? இன்று வாசலுக்கு வெளியே நிற்பவன் ஒரு காலத்தில் உள்ளே இருந்தவன் அல்லன் என்பதற்கு என்ன சான்று? இவ்வினாக்களே அவரைப் பௌத்தத்தின் பக்கம் கொண்டு சென்றன.

இலங்கைப் பயணமும் சாக்கிய சங்கமும்

பிரம்மஞான சபையின் தலைவராயிருந்த கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அத்தகைய பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராயிருந்த பி. கிருஷ்ணசாமி என்பவரும் பண்டிதரும் 1898ஆம் ஆண்டில் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பில் புகழ்பெற்ற பௌத்தத் தலைவராக விளங்கிய சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். மீமிசல் கரையில் நின்று கிழக்கே நோக்கும் நமக்கு அந்தத் தீவு தொலைவானதன்று. நமது முன்னோர் பிழைப்பைத் தேடித் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்த அதே நூற்றாண்டில், பண்டிதர் தம் மக்களின் மறந்துபோன கொள்கையைத் தேடி அக்கடலைக் கடந்தார்.

திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் எனப் பல இடங்களிலும், தென்னாப்பிரிக்காவிலும்கூடப் பரவின. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்த தமிழ்த் தொழிலாளிகளே அக்கிளைகளின் உறுப்பினர்கள். பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு போன்ற கற்றறிந்தோரும் இவ்வியக்கத்துடன் தொடர்பு கொண்டிருந்தனர்.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் கிழமை இதழைப் பண்டிதர் தொடங்கினார். விலையே இதழின் பெயராகவும் அமைந்தது. கூலி வேலை செய்பவனும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அது தமிழன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அரசியல், சமயம், மருத்துவம், வேளாண்மை, இலக்கிய ஆராய்ச்சி என அனைத்தும் அதில் இடம் பெற்றன. தாம் இறக்கும்வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அதனைத் தளராமல் நடத்தினார். இன்று நாம் அவருடைய சிந்தனைகள் எனப் போற்றுபவற்றுள் பெரும்பகுதி அவ்விதழில் வாரந்தோறும் எழுதப்பட்டவையே.

சொல்லின் வேரைத் தேடிய முறை

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். பண்டிதரின் ஆராய்ச்சி முறையைக் கருத்துகளின் கொடிவழியைத் தேடும் முறை என்று கூறலாம். ஒரு குடும்பத்தின் கொடிவழியைத் தேடுபவர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனப் பின்னோக்கிச் செல்வர். அவ்வாறே ஒரு சொல், ஒரு கதை, ஒரு பண்டிகை, ஒரு தத்துவம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இன்று அது தாங்கும் பொருளுக்கு முன்னர் அது தாங்கிய பொருள் யாது, அதற்கும் முன்னர் யாது, எந்த இடத்தில் பொருள் திரிந்தது, திரிந்ததனால் ஊதியம் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று பண்டிதர் பின்னோக்கிச் சென்றார்.

இதற்கு அவர் பயன்படுத்திய கருவிகள் நம் வீட்டுக் கருவிகளே. மணிமேகலை முதலிய காப்பியங்கள், நிகண்டுகள், இலக்கண நூல்கள், நீதி நூல்கள், சுவடிகள், வாய்மொழி வழக்குகள், மருத்துவச் செய்திகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அரசர்களின் போர்களை வரிசைப்படுத்துவதே வரலாறு என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், நாம் நாள்தோறும் பேசும் சொல்லுக்குள்ளேயே வரலாறு புதைந்து கிடக்கிறது என்று அவர் காட்டினார்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். பிராமணன், அந்தணன் என்னும் சொற்களை எடுத்துக்கொண்டார். இவை பிறப்பினால் வரும் பெயர்கள் அல்ல. புலன்களை அடக்கி, எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு ஒழுகிய அறவோர்க்கு, அதிலும் பௌத்த நெறி நின்று தேர்ந்தோர்க்கு உரிய பெயர்கள் என்பது அவர் முடிவு. பிற்காலத்தில் அந்த ஒழுக்கம் இல்லாதவர்கள் வேடத்தை மட்டும் அணிந்துகொண்டு, பெயரைத் தம் மக்களுக்குப் பரம்பரைச் சொத்தாக்கினர் என்று கூறினார். முன்னவரை யதார்த்த பிராமணர் என்றும் பின்னவரை வேஷ பிராமணர் என்றும் பிரித்து, இரு வகையினரையும் பற்றித் தனித்தனியே விவரமாக எழுதினார். திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரம் அந்தணர் என்னும் சொல்லுக்கு அருளையே இலக்கணமாகக் கூறுவதையும், பாலி மொழியிலுள்ள தம்மபதத்தின் இறுதிப் பகுதி பிறப்பை விலக்கி ஒழுக்கத்தை வைத்தே பிராமணனை வரையறுப்பதையும் அறிந்தோர்க்குப் பண்டிதர் தொட்ட இடம் வலிமையானது என்பது விளங்கும்.

நம் மக்களை இழித்துரைக்கப் பயன்பட்ட சாதிப் பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். புத்தரின் அறத்தை மக்களுக்குப் பறைந்தவர்கள், வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தவர்கள் ஆதலின் அப்பெயர் வந்தது என்றும், பகை கொண்டவர்கள் அதனை இழிசொல்லாக்கினர் என்றும் பொருள் கண்டார். இச்சொல்லாராய்ச்சியை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும் இழிவு என்பது அச்சொல்லோடு கூடப் பிறந்ததன்று என்னும் அளவில் சான்றுகள் அவர் பக்கமே நிற்கின்றன. சங்க நூலாகிய புறநானூற்றில் அப்பெயர் பாணர் முதலிய குடிகளோடு சேர்த்து எண்ணப்படும் சிறந்த குடியின் பெயராகவே வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளிலோ பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. இடையில் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளில் ஏதோ நடந்திருக்கிறது. நடந்த ஒன்றுக்குக் காலம் உண்டு. காலம் உண்டென்றால் அது இயற்கையன்று. பண்டிதர் நமக்குக் காட்டிய வழியின் சாரம் இதுவே.

கதைகளிலும் அவர் இதே முறையைக் கையாண்டார். நந்தனைத் தில்லை காண ஏங்கி நின்ற பண்ணையாளாகக் காட்டும் கதையை மறுத்து, நந்தன் ஒரு பௌத்த அரசன் என்றும், அவனை வீழ்த்தியவர்களின் வழிவந்தோர் அவன் கதையை மாற்றி எழுதினர் என்றும் கூறினார். திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கிய இழிவான கதையையும் அவ்வாறே மறுத்தார். தீபாவளி என்பது அசுரன் ஒருவனைக் கொன்ற நாள் அன்று. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அதனைத் தலைக்குத் தேய்த்து மக்கள் நீராடி மகிழ்ந்த நாள் என்றார். கொலையைக் கொண்டாடும் பண்டிகைக்குள் ஒரு கண்டுபிடிப்பைக் கொண்டாடும் பண்டிகை மறைந்து கிடப்பதாக அவர் கண்டார். இந்த நாட்டின் வரலாற்றையே இந்திரர் தேச சரித்திரம் என்னும் பெயரில் எழுதினார். ஐம்பொறிகளை வென்ற புத்தருக்கு இந்திரர் என்பது பெயர். அப்பெயராலேயே நாடு பெயர் பெற்றது என்பது அவர் கொள்கை. புத்தருடைய வாழ்வையும் அறத்தையும் தமிழ் நூல்களின் துணைகொண்டு விரித்துரைக்கும் புத்தரது ஆதிவேதம் 1912ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

தமிழகத்தில் பௌத்தம் ஆழ வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை. நமது கடற்கரையின் வடபால் உள்ள நாகப்பட்டினத்தில் இராசராசன் காலத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. 1856ஆம் ஆண்டு முதலாக அவ்வூரில் மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. மண்ணுக்குள்ளிருந்து திருமேனிகள் வெளிப்பட்டதுபோலச் சொல்லுக்குள்ளிருந்து சமயம் ஒன்றை வெளிப்படுத்த முயன்றவர் பண்டிதர்.

மேலை நாட்டிலும் இதே கருவி

இம்முறையைப் பற்றி மேலை நாட்டுத் தத்துவ நூல்கள் இன்று விரிவாகப் பேசுகின்றன. அங்கே இதற்கு வழிகாட்டியாகக் கருதப்படுபவர் செருமானிய அறிஞர் நீட்சே. அவர் 1844ஆம் ஆண்டில் பிறந்தவர். பண்டிதருக்குச் சில மாதங்களே மூத்தவர். பண்டிதரைப் போலவே அவரும் முதலில் மொழியாராய்ச்சியாளர். ஒழுக்கக் கருத்துகளின் கொடிவழியைப் பற்றி 1887ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நல்லது தீயது என்னும் சொற்கள் எப்பொழுதும் இன்றைய பொருளையே தாங்கியிருந்தன அல்ல என்று காட்டினார். ஆள்வோர் தம்மை நல்லோர் என்றும், தமக்குக் கீழ்ப்பட்டோரைத் தாழ்ந்தோர் என்றும் அழைத்தனர். பின்னர்க் கீழ்ப்பட்டோர் தம் மனக்கசப்பினால் அம்மதிப்பைத் தலைகீழாக்கினர் என்பது அவர் கூற்று. பிற்காலத்தில் பிரெஞ்சு நாட்டு ஃபூக்கோ என்பவர் சிறைச்சாலை, மருத்துவமனை முதலியவற்றின் வரலாற்றை இம்முறையிலேயே ஆராய்ந்து புகழ்பெற்றார்.

நீட்சேயும் பண்டிதரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். கருவி ஏறத்தாழ ஒன்று. பிடித்த கைகள் வேறு. நீட்சே மேலிருந்து நோக்கினார்; மனுநூலைப் படித்து அதனைப் போற்றியும் எழுதினார். பண்டிதரோ அந்த மனுநூலின் அடி பட்ட முதுகுக்கு உரியவர். மேலிருந்து நோக்கியவருக்குத் தாழ்த்தப்பட்டோரின் கொள்கை மனக்கசப்பாகத் தோன்றியது. கீழிருந்து நோக்கியவருக்கு அது பறிக்கப்பட்ட அறத்தின் எச்சமாகத் தெரிந்தது. ஆகவே கொடிவழி ஆராய்ச்சியில், ஆராய்பவர் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார் என்பதும் ஆராயத்தக்கது என்று அறிகிறோம்.

நமது நாட்டிலேயே மராட்டியத்தில் மகாத்மா சோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலில் அவதாரக் கதைகளுக்குள் மறைந்துள்ள வெற்றியையும் தோல்வியையும் தேடினார். டாக்டர் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலில், அம்மக்கள் பௌத்தத்தைக் கைவிட மறுத்ததும் மாட்டிறைச்சி உண்பதை விடாததுமே அவர்கள் விலக்கப்பட்டதற்குக் காரணங்கள் என்றும், தீண்டாமை கி.பி. 400ஐ ஒட்டித் தோன்றியது என்றும் முடிவு கட்டினார். பேராசிரியர் இலட்சுமி நரசுவின் பௌத்த நூல் மறுபதிப்பாக வெளிவந்தபோது அம்பேத்கரே அதற்கு முன்னுரை வழங்கினார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நமது பண்டிதர் அந்நெறியில் கால் வைத்துவிட்டார் என்பது நாம் நெஞ்சில் நிறுத்தத் தக்கது.

ஆராய்ந்து கொள்ள வேண்டியவை

பெரியோரைப் போற்றுவது வேறு, அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே விழுங்குவது வேறு. ஆராயாமல் ஏற்காதே என்பதே பௌத்தத்தின் அறிவுரையாதலின், பண்டிதரையும் நாம் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

முதலாவதாக, அவருடைய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்றைய மொழியியல் ஒப்புக்கொள்வதில்லை. இந்தியா என்னும் பெயர் சிந்து ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்பதே இன்று நிலைபெற்ற முடிவு. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்கள் உறவாகிவிடா. நந்தனைப் பற்றியும் பண்டிகைகளைப் பற்றியும் அவர் கூறியவற்றுக்கு அவர் கையாண்ட சான்றுகளுக்கு மேலும் சான்றுகள் தேவைப்படுகின்றன. அவர் கேட்ட வினா நிலைத்தது. விடைகளோ ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட வேண்டியவை.

இரண்டாவதாக, ஒரு கருத்து எங்கே பிறந்தது என்று காட்டிவிட்டால் மட்டும் அது பொய்யாகிவிடாது. நல்ல மருந்தைக் கெட்டவன் கண்டுபிடித்தாலும் நோய் தீரும். அப்படியானால் கொடிவழி ஆராய்ச்சியின் பயன் என்ன? என்றும் உள்ளது, இறைவன் வகுத்தது, இயற்கையானது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு அதிகாரம் செலுத்தும் கருத்தின் முகமூடியை அது கழற்றுகிறது. தன் பிறப்பை மறைத்தே வாழும் கருத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும். அதன் ஆட்சி ஆட்டம் காணும். சாதி அத்தகையது. அறமோ அத்தகையதன்று, அதன் பிறப்பை எத்தனை முறை ஆராய்ந்தாலும் அது தாழ்வதில்லை.

மூன்றாவது செய்தி நமக்கு மிகவும் முக்கியமானது. பண்டிதர் தம் எழுத்துகளில் தாழ்த்தப்பட்டோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் இரு வகை பிரித்தார். பழைய பௌத்தர்களாகிய தம் மக்களை முதல் வகையில் வைத்தவர், நம்மைப் போன்றே துன்புற்ற வேறு சில சாதியாரை இரண்டாம் வகையில் வைத்தார். அவர்தம் ஆராய்ச்சி முறையையே அவர்மீது பொருத்திப் பார்த்தால் இப்பிரிவு நிற்காது. நம்மைத் தாழ்த்திய சொல்லுக்கு ஒரு கொடிவழி உண்டு என்றால், பிறரைத் தாழ்த்தும் சொல்லுக்கும் ஒரு கொடிவழி உண்டன்றோ? பிறப்பின் இழிவைத் துடைக்க வந்த வரலாறு, வேறொரு பிறப்பின் பெருமையாக உறைந்துவிடுமானால், வந்த வழியே திரும்பிப் போனதாக முடியும். நாம் ஆண்ட பரம்பரை என்று மேடையில் முழங்கிவிட்டு, அடுத்த தெருவிலுள்ளவரை மதியாமல் நடப்பவர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் பண்டிதரின் பெயரைச் சொல்லலாம்; அவர் முறையைக் கற்றவர் ஆகார்.

மறைவும் மீட்சியும்

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் நின்றுபோன தமிழனைக் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கினார். அதன்பின் நெடுங்காலம் பண்டிதரின் பெயர் நாட்டு வரலாற்றிலிருந்து மறைந்தே கிடந்தது. ஊரூராகக் கருத்துகளின் பிறப்பைத் தேடியவரின் எழுத்தையே தேடி எடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

பழைய தமிழன் இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் பேணிக் காத்தனர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த பண்டிதரின் சிந்தனைகள் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாக 1999ஆம் ஆண்டில் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அதன் பின்னரே கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கின. 2005ஆம் ஆண்டில் நடுவண் அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவ்வாண்டே தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரால் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது.

ஒரு பைசா விலையில் மெலிந்த தாளில் அச்சான எழுத்து ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டது எவ்வாறு? எவரோ சிலர் தம் வீட்டுப் பெட்டியில் அதனைப் பூட்டி வைத்திருந்ததனால் மீண்டது. பாட்டனார் பரணில் திருக்குறள் ஏடு இருந்ததுபோலவே பேரனாரின் எழுத்தும் எளியோர் வீட்டில் உயிர் பிழைத்திருந்தது.

இளைஞர்கள் செய்யத் தக்கது

பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றிவரும் நாம் ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளைகளின் சாதியை எழுதுகிறோம். சலுகை பெறுவதற்கு அது தேவை; மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது தலை கவிழும் பிள்ளையையும் கண்டிருக்கிறோம். வேண்டாத இறுமாப்புடன் உரக்கச் சொல்லும் பிள்ளையையும் கண்டிருக்கிறோம். இருவருக்கும் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கல்வி என்பது வேலை பெறும் வழி மட்டுமன்று. தலை கவிழவும் வேண்டா, இறுமாக்கவும் வேண்டா, அச்சொல்லை எடுத்து ஆராய்ந்து பார் என்று கற்பிப்பதே கல்வி.

ஆகவே நமது இளைஞர்களுக்குச் சில பணிகளைக் கூற விரும்புகிறோம். உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து குடும்பத்தின் கதைகளையும், பாட்டுகளையும், பழைய வைத்திய முறைகளையும், குலதெய்வத்தின் வரலாற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். உப்பளத்திலும் வயலிலும் உழைத்த பாட்டிமார் இறந்தபின் அவை எந்த நூலகத்திலும் கிடைக்கமாட்டா. பழைய பத்திரம், கைக்குறிப்பு, சுவடி எதுவாயினும் கறையானுக்குக் கொடுக்காமல் நமது சங்கத்தின் நூலகத்தில் சேர்ப்பியுங்கள். கேட்ட கதையை உடனே நம்பிவிடாதீர்கள். உடனே தள்ளியும் விடாதீர்கள். இது எப்பொழுது தொடங்கியது, இதனால் யாருக்கு ஊதியம், இதற்குமுன் என்ன இருந்தது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். தத்துவ நூலைப் படித்தாலும், சமய நூலைப் படித்தாலும், செய்தித்தாளைப் படித்தாலும் இம்மூன்று வினாக்களையும் கைவிடாதீர்கள். நம்மவர் எழுதியதாயினும் அவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள்.

சாதி தோன்றாத காலம் ஒன்று இருந்தது என்று பண்டிதர் அயோத்திதாசர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்துக் காட்ட முயன்றார். சாதி இல்லாத காலம் ஒன்று இனி வருதலும் இயலும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. அக்காலத்தைக் கொண்டுவரும் பொறுப்பு இம்மலரைப் படிக்கும் தலைமுறையினருடையது.

வாழ்க பண்டிதர் புகழ்! வளர்க நமது கல்விச் சங்கம்!